பப்பாளிக் குழல்

எங்கள் மையத்தில் ஒரு கிளி இருக்கிறது. கூண்டு கிடையாது, இறக்கை கிடையாது, நெல்மணியும் கேட்காது. ஆனால் வேலை அதே வேலைதான்: குழந்தை முன்னால் வந்து நின்றால் ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் 'குழந்தை உணர்வு வாசிப்பு மேசை'. பொள்ளாச்சியில் அவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. நான்தான் முதலில் கிளி என்று கூப்பிட்டேன். இப்போது ஆயாவிலிருந்து மாவட்ட அலுவலகம் வரை எல்லாருக்கும் அது கிளிதான்.

குழந்தைக்கு இடுப்பளவு உயரம், கட்டில் அகலம். மேலே வெள்ளை மணல். சுற்றியுள்ள தட்டுகளில் நூற்றிருபது பொம்மைகள்: அம்மா, அப்பா, போலீஸ், பாம்பு, லாரி, வீடு, கோயில் தேர் கூட உண்டு. ஒவ்வொரு பொம்மைக்குள்ளும் அரிசி அளவில் ஒரு சில்லு. எந்தப் பொம்மையைக் குழந்தை எங்கே வைத்தது, எவ்வளவு ஆழத்தில் புதைத்தது, வைக்கும்போது கை நடுங்கியதா என்பதெல்லாம் கிளிக்குத் தெரியும். நாற்பது நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். மேசை ஒரு குலுக்கு குலுக்கும். மணல் சமமாகி, புதைந்த பொம்மைகள் மேலே வந்துவிடும். கூடவே சீட்டும் வரும்: பச்சை, மஞ்சள், அல்லது சிவப்பு.

நான் கோகிலவாணி. குழந்தைகளுக்கு விளையாட்டு சிகிச்சை தருகிறவள். ஊருக்குப் பொம்மை டாக்டரம்மா. இருபத்தாறு வருடமாக இதே வேலை. அதில் கிளி வருவதற்கு முன்னால் நான்கு வருடம். பெரியவர்களுக்கு மனசு கனத்தால் யாரிடமாவது புலம்பித் தீர்த்துக்கொள்வார்கள். குழந்தைக்குப் புலம்ப வார்த்தை இருக்காது, பொம்மை இருக்கும். அது தன் பாட்டுக்கு விளையாட, நாம் கேள்வி கேட்காமல், புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயத்தைத் திரும்பத் திரும்ப விளையாடி, ஒருநாள் குழந்தையே அதை ஜெயித்துவிடும். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்று நான் சொல்வேன். கிளி வந்த பிறகு அந்தக் கஷ்டமும் போயிற்று. குழந்தையைப் பார்ப்பதற்குப் பதில் கிளியின் திரையைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

சட்டம் இதுதான். ஒரே பெற்றோரைப் பற்றித் தொடர்ந்து மூன்று சிவப்புச் சீட்டு வந்தால், அந்தப் பெற்றோர் ஆறு மாதம் வீட்டைவிட்டு விலகி இருக்க வேண்டும். பிறகு மறுபடி வாசிப்பு. கெட்ட சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்கிற கைகளிடமிருந்து சில பிஞ்சுகளைக் கிளி காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அதை இவ்வளவு நம்பினேன்.

நிலானிக்கு ஆறரை வயது. இரண்டு வாரம் வந்தாள், இரண்டு முறையும் சிவப்பு. 'தந்தை உருவம் முழுமையாகப் புதைப்பு. தந்தை மீது கடும் பகை.' மூன்றாவது முறை வருகிற அன்று காலையில், அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவளுடைய அப்பா வந்துவிட்டார். பின்கட்டில் பப்பாளி மரத்தடியில் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங் டாக்டரம்மா, வரலாமுங்களா?"

ரித்தீஷ் என்று பெயர். எங்கள் காலத்தில் தெருவுக்கு நான்கு ரித்தீஷ் இருந்தார்கள்; எல்லாரும் கணினி முன்னால் உட்காரப் போகிறவர்கள் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். இவர் மலைக்கு அடியில் தண்ணீர்ச் சுரங்கம் தோண்டுகிறவர். மொட்டையடித்த தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"பை எதுக்குங்க?" என்றேன்.

"இன்னிக்கும் செவப்பாத்தானுங்க வரும். ஆபீசர் வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே கெளம்பிட்டா மருவாதியா இருக்கும். ரெண்டு சட்டை எடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்க மேல தப்பு இருக்குதுங்களா?"

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சுரங்கம் இடிஞ்சு உள்ளார அறுபத்தோரு மணி நேரம் கெடந்தேனுங்க. ஆறு அங்குலக் குழாய் ஒண்ணை மேல இருந்து எறக்குனாங்க. அதுலதான் காத்து, அதுலதான் கஞ்சி. அதுலதான் பேச்சும். பாப்பா ரெண்டு நாளா டிவியில பாத்துட்டே இருந்திருக்குது. 'ஆள் தேறாது'ன்னு யாரோ சொல்லவும், எங்க ஊட்டுக்காரி பயந்துட்டு அவள உடுமலைக்கு, அவ தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டா. நான் ஆஸ்பத்திரியில கெடந்து, ஊடு வந்து சேர இருவது நாளாச்சுங்க. அப்புறம்தான் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தாங்க."

"வந்ததும் ஓடி வந்தாளா?"

"எங்கீங்க. கதவுகிட்டயே நின்னுக்கிட்டா. இன்னி வரைக்கும் அப்பான்னு ஒரு வார்த்தை இல்லை. 'அவரு'ங்கறா. 'அவருக்குச் சாப்பாடு போட்டாச்சா'ங்கறா. தூக்கத்துல நான் கத்தறனுங்களா, பயந்து போய்க் கட்டிலுக்கு அடியில பூந்துக்குது." பையைக் கை மாற்றிக்கொண்டார். "கிளி சொல்றது சரியாத்தானுங்க இருக்கும். நான் உள்ளாரயே கெடந்திருக்கலாம்னு எம்புள்ள நெனைக்குது போல."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கிளியின் சீட்டை நானே அல்லவா அவர் கையில் கொடுத்தேன் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். கூடத்தில் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆபீசரும் வந்தார். யாழன், இருபத்தெட்டு வயதுப் பையன், கோவையிலிருந்து வருகிறவன். சிவப்பு வந்தால் உத்தரவில் கட்டைவிரல் வைப்பது அவன் வேலை. நல்ல பையன்தான், சட்டை மடிப்புக் கலையாமல் உட்காருவான், கிளியை யாராவது கிண்டல் செய்தால் முகம் சுருங்குவான்.

பத்து மணிக்கு நிலானியை அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுக் கயிறு ஆலைக்கு ஓடினாள். நிலானி வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போய், ஒரு பப்பாளி இலையை ஒடித்து, இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காம்போடு வந்தாள். பப்பாளிக் காம்பு உள்ளே வெற்றுக் குழல். எல்லாப் பிள்ளைகளும் அதில் ஊதி விளையாடும்.

எங்கள் அறை வாசலில் ஒரு பலகை உண்டு: 'வெளிப்பொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது.' சில்லு இல்லாத பொருள் மணலில் விழுந்தால் கிளி குழம்பும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் அந்தக் காம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். "இது வேண்டாம் கண்ணு, உள்ளே நிறைய பொம்மை இருக்குது" என்று சிரித்துக்கொண்டே வேறு.

அன்றும் பழக்கத்தில் கை நீண்டது. அவள் காம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் என் காதுக்குள் ரித்தீஷின் குரல் கேட்டது: ஆறு அங்குலக் குழாய்.

கையை இழுத்துக்கொண்டேன். "கொண்டு போ" என்றேன்.

உள்ளே போனதும் அவள் மஞ்சள் தலைக்கவசம் போட்ட பொம்மையை எடுத்தாள். மணலில் குழி பறித்து, உள்ளே படுக்க வைத்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் போட்டு மூடினாள். தட்டித் தட்டி இறுக்கினாள். திரை சிவந்துகொண்டே போனது. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழன் பெருமூச்சு விட்டான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு குழந்தையைப் பார்த்தேன். அவள் பப்பாளிக் குழலை மணலில் செங்குத்தாக இறக்கினாள். பொம்மையின் தலை இருக்கும் இடத்துக்கு நேராக. குனிந்து அதில் வாய் வைத்து மெல்ல ஊதினாள். பிறகு அதற்குள் பேசினாள்.

"சாப்டீங்ளா?"

காதை வைத்துக் கேட்டாள். தலையாட்டினாள். மறுபடி ஊதினாள்.

இரண்டு வாரமாக அந்த மனிதனின் மூச்சுக்குழாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவள் நான்.

"தம்பி," என்றேன் யாழனிடம் மெதுவாக, "கிளிக்கு அந்தக் குழல் தெரியுதா?"

"எந்தக் குழலுங்க மேடம்?" எட்டிப் பார்த்தான். "அதுல சில்லு இல்லீங்களே. அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"பகை இருக்கறவ மூச்சு விட வழி வெப்பாளா?"

"மேடம், நாப்பது லட்சம் குழந்தைங்களோட ஆட்டத்தைப் பாத்துப் படிச்ச மெஷின் இது. நீங்களும் நானும் ஒரு குழந்தையைப் பாக்கறோம்."

"அந்த ஒரு குழந்தைதான் இப்ப நம்ம முன்னாடி இருக்குது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நானே கிளிகிட்டப் போன புள்ளைதானுங்க. ஏழு வயசுல, ஈரோட்டுல. எங்கம்மாவுக்கு மூணு செவப்பு. ஊட்டுல வேற ஆளில்லைன்னு என்னைய விடுதியில சேத்தாங்க. மறுவாசிப்பும் செவப்பு, அங்கயே படிச்சேன், இந்த வேலைக்கு வந்தேன். எங்கம்மா மேல எனக்கு அவ்ளோ பகைங்கறது கிளி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அந்த வாக்கியம் அப்போது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ஏனென்றால் மணிக்கு நான்கு நிமிடம்தான் பாக்கி இருந்தது. நிலானி தட்டிலிருந்து ஒரு லாரியை எடுத்து, மேசையின் கடைசி மூலையிலிருந்து மிக மெதுவாக ஓட்டிவந்துகொண்டிருந்தாள். நடுவழியில் லாரி பஞ்சர். இறங்கிச் சக்கரம் மாற்றினாள். போன இரண்டு வாரமும் இந்த லாரி வந்தது எனக்கு நினைவிருந்தது. வந்து சேர்ந்ததா என்பது நினைவில்லை. சேர்ந்திருக்காது. அதற்குள் மணி அடித்திருக்கும், மேசை குலுங்கியிருக்கும், சீட்டு வந்திருக்கும்.

அவளும் கூரையிலிருந்த மணியைப் பார்த்தாள். லாரியை விட்டுவிட்டு ஓடிவந்து, குழலைச் சுற்றி இரண்டு கையாலும் அணை கட்டினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். குலுக்கலுக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மேசையில் 'நிறுத்திவை' என்று ஒரு பொத்தான் உண்டு. குழந்தைக்கு வலிப்பு, வாந்தி என்று வந்தால் பயன்படுத்துவதற்கு. ஒருமுறை அழுத்தினால் பத்து நிமிடம் மணி நிற்கும். ஆனால் இரண்டு கட்டைவிரல் வேண்டும்: ஒன்று என்னுடையது, ஒன்று ஆபீசருடையது.

என் விரலை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். "தம்பி, இந்தப் புள்ள அப்பனைப் புதைக்கல. புதைஞ்ச அப்பனை வெளிய எடுக்கப் பாக்குது. பாதியில நாமதான் திரும்பத் திரும்ப மண்ணை மூடிட்டிருக்கோம். பத்து நிமிஷம் கொடு. நான் சொல்றது தப்புன்னா அந்த உத்தரவுல நீ விரல் வெய்யி, நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

யாழன் வாசலைப் பார்த்தான். கண்ணாடி வழியே பெஞ்சில் பையோடு ரித்தீஷ் தெரிந்தார்.

"பத்து நிமிஷம். அவ்ளோதானுங்க," என்று விரலை வைத்தான்.

மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிலானி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"மணி அடிக்கலீங்ளா டாக்டரம்மா?"

"நீ முடிக்கற வரைக்கும் அடிக்காது."

"நெசமாலுமா?"

"நெசமா."

அவள் யோசித்தாள். பிறகு லாரியிடம் திரும்பிப் போனாள். அவசரமே இல்லை. டிவியில் இரண்டு நாள் பார்த்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. லாரி வந்தது. டிரைவர் டீ குடித்தார். துளை போடும் இயந்திரம் வந்தது, உடைந்தது, வேறு வந்தது. ஒரு பெரிய ஆபீசர் வந்தார். எல்லாப் பொம்மையும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றன. அவர் போகவே மாட்டேன் என்றார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று நிலானி அவரை எடுத்துத் தட்டில் திருப்பி வைத்தாள். மழை பெய்தது. மறுபடி எல்லாரும் டீ குடித்தார்கள். ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் அவள் மறக்காமல் குழலுக்கு வந்து ஊதினாள். "இன்னும் கொஞ்ச நேரம்தானுங்க. சாப்டீங்ளா?"

அடுத்து வரவேண்டிய பிள்ளைகளைப் பின்கட்டில் தண்ணீரும் குடமுமாக விளையாட விடச் சொல்லி ஆயாவிடம் சொன்னேன். நனைந்தால் நனையட்டும். பத்து நிமிடம் முடியும்போதெல்லாம் நான் விரலை வைத்தேன். மூன்றாவது முறை யாழனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவனே வந்து வைத்துவிட்டுப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டை மடிப்பு கலைந்ததை அவன் கவனிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நிலானி எல்லா இயந்திரங்களையும் ஓரமாக நகர்த்தினாள். ஒற்றை விரலால் குழலைச் சுற்றி மணலைக் கீறினாள்.

"மெஷின் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். கேள்வி கேட்கக் கூடாது என்ற என் தொழிலின் முதல் விதியை மீறி.

"மெஷின் போட்டா அப்பாக்கு வலிக்கும்," என்றாள்.

அப்பா. யாழன் என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

முதலில் மஞ்சள் தலைக்கவசம் தெரிந்தது. பிறகு முகம். அவள் குனிந்து பொம்மையின் கண்ணில் இருந்த மணலை ஊதினாள். வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள்.

ரித்தீஷ் எழுந்து நின்றார். அவள் கையில் இருந்த பொம்மையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முடி அரும்பிய தலையை, ஒட்டிய கன்னத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வந்துட்டீங்ளாப்பா?"

அந்த மனிதன் மண்டியிட்டார். "வந்துட்டேன் கண்ணு," என்றார். "இப்பத்தான் வந்தேன்."

"பசிக்குதுங்ளா?"

"ரொம்பப் பசிக்குது."

அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பை பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. மறுநாள் அவர் மனைவி வந்துதான் அதை வாங்கிப் போனாள். பயமெல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை, இன்னும் சில வாரம் அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். ஆனால் இந்த முறை மேசையின் இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் போன பிறகு கிளி மணி அடித்துச் சீட்டு கொடுத்தது. சாம்பல் நிறம். நான் அதுவரை பார்த்தே இராத நிறம். 'வகைப்படுத்த இயலவில்லை. இதற்கு முன் இத்தகைய ஆட்டம் பதிவாகவில்லை.'

"நாப்பது லட்சத்துல ஒண்ணுகூடவா?" என்றேன்.

யாழன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாப்பது லட்சமும் நாப்பது நிமிஷ ஆட்டமுங்க மேடம். முதல் நாள்ல இருந்தே மணி உண்டு. முடிஞ்ச ஆட்டம் ஒண்ணைக்கூட இது பாத்ததில்ல." அவன் முகம் வெளுத்திருந்தது. "மேலிடத்துக்கு எழுதறேனுங்க. இன்னிக்கே எழுதறேன். மணியை எடுக்கச் சொல்லி."

அம்மா மேல் பகை என்பது கிளி சொல்லித்தான் தெரியும் என்று அவன் முன்பு சொன்ன வாக்கியம் அப்போதுதான் என் மனதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. சும்மா இருந்தேன்.

அவன் எழுந்து போய்த் தட்டிலிருந்து வீட்டை எடுத்தான். கதவு திறந்து மூடும் சின்ன மர வீடு. மணலில் வைத்தான். உள்ளே ஒரு பையன் பொம்மை, வெளியே ஒரு பெண் பொம்மை. கதவைச் சாத்தினான்.

"அன்னிக்கு இவ்ளோதானுங்க செஞ்சேன். மூணு வாரமும். அம்மாவை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டான்னு கிளி சொல்லுச்சு." வீட்டின் கூரையைத் தொட்டான். "எங்கம்மா மில்லுல இருந்து வர்றப்ப நான் தாழ் போட்டுக்குவேன். அவ கதவைத் தட்டி, அப்பளக்காரி மாதிரி குரலை மாத்திக் கூவுவா. நான் 'எத்தனை ரூபாய்'னு கேப்பேன். அவ 'ஒரு முத்தம்'னு சொல்லுவா. அப்புறம்தான் தொறப்பேன். தெனமும் அப்படித்தானுங்க விளையாடுவோம். இங்கே நான் அவ தட்டறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். யாருமே தட்டல. மணி அடிச்சிருச்சு."

"அம்மா இப்ப எங்கே?"

"பவானியிலதானுங்க. பொங்கலுக்கு ஒருக்கா பேசுவேன். என்ன பேசறதுன்னே தெரியாது."

மேசையின் விளிம்பில் விரலை மடக்கித் தட்டினேன். டொக், டொக். எனக்கு நடிப்பு வராது. இருந்தாலும் குரலை மாற்றிக்கொண்டேன்.

"அப்பளம் வேணுமா, அப்பளம்!"

அவன் ஒரு விரலால் அந்தச் சின்னக் கதவைத் திறந்தான். பெண் பொம்மையை எடுத்து உள்ளே வைத்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். பப்பாளி மரத்தடியில் அவன் குரல் கேட்டது.

"நான்தாம்மா. இல்லம்மா, ஒண்ணும் ஆகல. இன்னிக்கு வரேன். நீ தாழ் போட்டுக்கிட்டு உள்ளார இரு. நான் வந்து தட்டறேன்."